ஒரு பையன் நவநாஜிக் கூட்டத்துக்குள் எப்படிப் போகிறான், எப்படி வெளியே வருகிறான்: ஜெர்மனியை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனிக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் பெற்றோர், அங்கேயே பல வருடங்களாகக் குடியிருக்கும் ஈழத்துக் குடும்பங்கள், ஊரிலிருந்து செய்தி பார்ப்பவர்கள் எனப் பல தரப்பிலிருந்தும் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை. வரிசையாகப் படித்தால் குழப்பம் இருக்காது.

ஹிட்லர் செத்து எண்பது வருஷம் ஆச்சு. இன்னும் நாஜின்னு யாருங்க இருக்காங்க?

போருக்குப் பிறகு அதே கொள்கையைத் திரும்பக் கையிலெடுத்தவர்களைத்தான் நவநாஜிகள் என்கிறோம். இனங்களுக்குள் மேல் கீழ் உண்டு, உலகத்தை யூதர்கள் மறைந்திருந்து ஆட்டிவைக்கிறார்கள், ஜனநாயகம் ஒழிய வேண்டும் என்கிற மூன்றையும் நம்புகிறவர்கள் இவர்கள். குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்லி ஓட்டுப் போடுகிற எல்லாரையும் இந்தப் பெயரில் அழைப்பது தவறு. அப்படி அழைத்தால் உண்மையான நவநாஜிக்குத்தான் லாபம், கூட்டத்தில் ஒளிந்துகொள்வான்.

1964இல் தொடங்கிய என்.பி.டி. என்ற கட்சி இவர்களின் பழைய கூடாரம். 2023இல் 'தாயகம்' என்ற பொருளில் பெயரை மாற்றிக்கொண்டது. 2017இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தடைசெய்ய மறுத்தது. ஆனால் 2024 ஜனவரியில் அரசு நிதி கிடைக்காதபடி 6 ஆண்டுகளுக்கு நிறுத்தியது. கட்சியைவிட ஆபத்தானவை உறுப்பினர் அட்டை இல்லாத சிறு சிறு உள்ளூர்க் குழுக்கள்.

வேலைவெட்டி இல்லாத ஏழைப் பையன்கள்தானே இதுல போய் விழறாங்க?

1993 மே 29 அன்று சோலிங்கன் நகரத்தில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு இரண்டு பெண்களும் மூன்று சிறுமிகளும் இறந்தார்கள். தண்டனை பெற்ற நால்வரும் 16 முதல் 23 வயதுக்குள். அவர்களில் ஒருவன் மருத்துவர் வீட்டுப் பிள்ளை.

பீலெஃபெல்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் வில்ஹெல்ம் ஹைட்மெயர் 1980களிலிருந்தே சொல்லிவந்தது இதுதான்: பையில் காசு இல்லாததைவிட, தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை, நாளைக்கு என் இடம் எது என்று தெரியவில்லை என்ற நிலைதான் முக்கியம். ஏழ்மை அதைக் கூட்டலாம். ஆனால் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று எண்ணிய திட்டங்கள் பல ஏமாந்துபோயின. வேலைக்குப் போய்க்கொண்டே கூட்டத்துக்கும் போகிறவர்கள் ஏராளம்.

கிழக்கு ஜெர்மனியில மட்டும் ஏன் இவ்வளவு?

'மட்டும்' இல்லை, சோலிங்கன் மேற்கில்தான் இருக்கிறது. பெர்லின் சுவர் இருந்த காலத்திலேயே, 1987 அக்டோபரில், கிழக்கு பெர்லினின் சீயோன் தேவாலயத்தில் நடந்த இசை நிகழ்ச்சிக்குள் புகுந்து மொட்டைத்தலைக் கூட்டம் அடித்தது. ஆனாலும் 1990இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு கிழக்கில் இது வெடித்ததற்குக் காரணம் உண்டு. சுமார் 8,500 அரசு நிறுவனங்களும் அவற்றில் வேலை பார்த்த ஏறத்தாழ 40 லட்சம் பேரும் ஒரே தனியார்மய அமைப்பின் கையில் போனார்கள். அப்பா வேலை இழந்தார், இளைஞர் மன்றம் மூடப்பட்டது, நேற்றுவரை ஒன்றைப் பாடமாக நடத்திய ஆசிரியர் இன்று வேறொன்றை நடத்தினார். புதுச் சட்டத்தில் தன் அதிகாரம் எதுவரை என்று போலீசுக்கே தெரியவில்லை. பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மதிப்பிழந்த ஊரில், பதினாறு வயதுப் பையனைத் தட்டிக்கேட்க ஆளில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் சொல்வதில்லை: வன்முறை பலித்தது. 1991 செப்டம்பரில் ஹோயர்ஸ்வெர்டாவில் மொசாம்பிக், வியட்நாம் தொழிலாளர்களின் விடுதியையும் அகதிகள் விடுதியையும் நாள்கணக்கில் தாக்கினார்கள். முடிவில் பேருந்தில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்கள் தாக்கப்பட்டவர்கள்தான். 1992 ஆகஸ்டில் ரோஸ்டொக் நகரின் லிக்டென்ஹாகனில் மறுபடியும் அதே. சுவரில் சூரியகாந்திப் பூ பதித்த அடுக்குமாடிக் கட்டடம். அகதிகளை அப்புறப்படுத்தியதும், பக்கத்து வாசலில் குடியிருந்த வியட்நாமியர்களின் மீது தீக்குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பூட்டிய கதவுகளை உடைத்துக் கூரை வழியாகத் தப்பினார்கள். கீழே ஆயிரக்கணக்கானோர் நின்று கைதட்டினார்கள். தின்பண்டக் கடைகூடப் போட்டிருந்தார்கள்.

1993 மே 26 அன்று நாடாளுமன்றம் அகதி உரிமையைச் சுருக்கி அரசியல் சாசனத்தைத் திருத்தியது. சோலிங்கன் தீ அதற்கு மூன்றாம் நாள். கல்லெறிந்த பையன் தன்னை ஊருக்கு விரோதியாக நினைக்கவில்லை. ஊர் வாயால் சொல்வதைத் தான் கையால் செய்வதாகவே நினைத்தான்.

ஒரு பதினாலு வயசுப் பையன்கிட்டப் போய் என்னன்னு பேச ஆரம்பிப்பாங்க?

கொள்கை பேச மாட்டார்கள். பாட்டு, கால்பந்து மைதானம், குத்துச்சண்டைப் பயிற்சி, இப்போது டிக்டாக் என்று ஆரம்பிக்கும். 2004இல் பள்ளி வாசல்களில் இலவசமாகக் கொடுக்க 50,000 குறுந்தட்டுகள் தயார் செய்தார்கள். நீதிமன்றம் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. உடனே என்.பி.டி. தன் பெயரில் வேறொரு தட்டு போட்டு, சாக்ஸனி மாநிலத் தேர்தலில் விநியோகித்து, 9.2 சதவீத ஓட்டு வாங்கியது.

வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காராத ஒருவனை இரண்டாம் வாரமே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இரவு காரில் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். அவனை ஒருவன் அடித்தால் பத்துப் பேர் போய் நிற்கிறார்கள். அடுத்து ஒரு சின்ன வேலை: துண்டறிக்கை ஒட்டு, கொடியைப் பிடி. அப்புறம் பழைய நண்பர்களைப் பற்றிக் கிண்டல். பிறகு ஒரு அடிதடி, அதில் இவன் கையும் பட்டிருக்கும். அந்த வழக்கு அவனைக் கூட்டத்தோடு கட்டிப்போடும். கொள்கை கடைசியில்தான் வருகிறது, செய்துவிட்டதற்கு நியாயம் சொல்ல.

மொட்டைத்தலை, பெரிய பூட்ஸ்: பார்த்தாலே தெரிஞ்சிடுமே?

அது 1990களின் அடையாளம். தவிர, மொட்டைத்தலைப் பாணி 1960களின் பிரிட்டனில் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் ஜமைக்கா இசையைக் கேட்டு ஆடிய காலத்தில் பிறந்தது. இனவெறிக் கும்பல் பிற்பாடுதான் அதைப் பிடித்துக்கொண்டது. இன்றும் இனவெறிக்கு எதிரான மொட்டைத்தலையர்கள் உண்டு.

இப்போது சாதாரணக் கறுப்பு டீஷர்ட்தான். எண்களைக் கவனியுங்கள். 88 என்றால் எட்டாம் எழுத்து இரண்டு முறை, ஹிட்லர் வணக்கம். 18 என்றால் ஹிட்லர் பெயரின் முதலெழுத்துகள். 14 என்பது வெள்ளை இனவாதிகளின் 14 சொல் முழக்கம். ஆனால் 1988இல் பிறந்தவர் மின்னஞ்சலிலும் 88 இருக்கும். ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். லான்ஸ்டேல் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் சட்டையை ஜாக்கெட்டுக்குள் போட்டால் நடு எழுத்துகள் நாஜிக் கட்சியின் சுருக்கம் போலத் தெரியும் என்பதற்காக இவர்கள் அதை வாங்கிக் குவித்தார்கள். அந்த நிறுவனம் இனவெறிக்கு எதிராகப் பிரசாரமே நடத்தி அவர்களை விரட்டியது.

பொண்ணுங்களும் இருக்காங்களா?

இருக்கிறார்கள், கண்ணில் படுவது குறைவு. 2000க்கும் 2007க்கும் இடையில் 10 பேரைக் கொன்ற என்.எஸ்.யூ. என்ற நவநாஜிக் குழுவின் மூவரில் ஒருவர் பெண். 2018 ஜூலையில் ஆயுள் தண்டனை பெற்றார். தலைமறைவாக இருந்த வருடங்களில் அக்கம்பக்கத்தில் சகஜமாகப் பழகி, சந்தேகம் வராமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். இன்னொரு வகையும் உண்டு. விரக்தியில் வருபவர்கள் அல்ல, அந்த வீட்டிலேயே பிறந்தவர்கள். 1994இல் தடைசெய்யப்பட்ட வீகிங் யூகெண்ட், 2009இல் தடைசெய்யப்பட்ட எச்.டி.ஜே. ஆகிய அமைப்புகள் சிறு பிள்ளைகளுக்கே முகாம் நடத்தின.

நம்ம பிள்ளையார் கோயில் ஸ்வஸ்திகா ஜெர்மனியில சட்டவிரோதமா?

இல்லை. குற்றவியல் சட்டம் 86அ பிரிவு தடைசெய்வது நாஜி அமைப்புகளின் சின்னமாக அதைப் பயன்படுத்துவதை. தண்டனை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. வழிபாடு, பாடம், ஆராய்ச்சி, கலை ஆகியவை அதில் வராது. குறுக்கே கோடு போட்டு அடித்த ஸ்வஸ்திகாவை நாஜி எதிர்ப்புச் சின்னமாக அணிவதும் குற்றமில்லை என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கார்க் கண்ணாடியில் ஒட்டுவதும், கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டு ரயிலில் போவதும் வேறு. எதிரில் இருப்பவருக்கு உங்கள் கோயில் தெரியாது. போலீஸ் நிறுத்தி விசாரிக்கலாம். விளக்கினால் விட்டுவிடுவார்கள், ஆனால் ஒரு பிற்பகல் போய்விடும்.

என் மகன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில ஹிட்லர் ஸ்டிக்கர் போட்டிருக்கிறான். விளையாட்டுத்தானே?

அவனுக்கு விளையாட்டாக இருக்கலாம், சட்டத்துக்கு இல்லை. மேலே சொன்ன 86அ இதற்கும் பொருந்தலாம். இன அழிப்பை மறுக்கும் அல்லது கிண்டலடிக்கும் படமென்றால் 130ஆம் பிரிவும் சேரலாம், அதில் 5 ஆண்டு வரை. ஜெர்மனியில் 14 வயதிலேயே குற்றப் பொறுப்பு தொடங்குகிறது. அதற்குக் கீழ் தண்டனை இல்லாவிட்டாலும் கைபேசியைப் பறிமுதல் செய்யலாம்.

செய்ய வேண்டியது: அவனைக் கொண்டே குழுவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள், மற்ற பெற்றோருக்குக் 'காட்டுவதற்காக' நீங்கள் முன்னனுப்பாதீர்கள், வகுப்பாசிரியரிடம் நீங்களே முதலில் பேசுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் வகுப்புத் தோழன் பெயர் வரும். முகம் தெரியாத, வயதில் மூத்த ஒருவன் பெயர் வந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து போனைப் பார்க்கிற பையன் எப்படிக் கொலைகாரன் ஆவான்?

2019 அக்டோபர் 9, யூதர்களின் புனித நாள். ஹாலே நகரத் தொழுகைக்கூடத்தின் கதவைச் சுட்டுத் திறக்கப் பார்த்த 27 வயது ஆள் எந்த அமைப்பிலும் இல்லை. கதவு தாங்கியதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே இரண்டு பேரைக் கொன்றான். முழுவதையும் நேரலையில் ஒளிபரப்பினான், முகம் தெரியாத பார்வையாளர்களை நோக்கி ஆங்கிலத்தில் பேசினான். கூட்டம் இல்லாமல் இல்லை, கூட்டம் திரைக்குள் இருந்தது. அதே வருடம் மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேரைக் கொன்றவன் காட்டிய மாதிரிதான் இது.

வயதும் இறங்கிவிட்டது. ஐரோப்பா முழுக்க ஆள் சேர்த்த ஒரு நவநாஜி இணையக் குழுவின் தலைவனைத் தேடிப் போனபோது அவன் எஸ்தோனியாவில் 13 வயதுச் சிறுவனாக இருந்தது 2020இல் தெரியவந்தது. 2025 மே மாதம் ஜெர்மனியில் 'கடைசித் தற்காப்பு அலை' என்ற குழு தொடர்பாகக் கைதான ஐந்து பேரும் 14 முதல் 18 வயதுக்குள். ஆல்ட்டோபர்ன் கிராமத்தில் ஒரு கலை மன்றத்துக்குத் தீ வைத்தது உட்பட அவர்கள் மேல் வழக்கு.

பேசிப் புரியவைக்க முடியாதா? ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கூட்டிட்டுப் போனா மனசு மாறாதா?

விளிம்பில் நிற்பவனுக்கு உதவலாம். உள்ளே போய்விட்டவனுக்குப் பலிக்காது. சில சமயம் எதிர்மாறாகப் போய், முகாம் வாசலில் சல்யூட் அடித்துப் படமெடுத்துப் போடுவான். முன்பு சொன்னபடி கொள்கை கடைசியாக வந்தது. அதை முதலில் பிடுங்கப் பார்த்தால் கையோடு வராது. நீங்கள் புள்ளிவிவரம் சொன்னால் அவன் பதில் புள்ளிவிவரம் வைத்திருப்பான், அதற்கென்றே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

பலிப்பது வேறு. கேள்வியை அவன் வாழ்க்கைக்குத் திருப்புங்கள்: அன்றைக்கு அடி வாங்கியபோது யார் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்? வழக்கறிஞர் செலவை யார் கொடுத்தார்கள்? தலைவர் மகன் எங்கே படிக்கிறான்? கூடவே ஒரு கோடு போடுங்கள்: உன்னோடு பேசுவேன், இந்தச் சுவரொட்டி என் வீட்டுச் சுவரில் இருக்காது. வீட்டைவிட்டுத் துரத்துவது மட்டும் வேண்டாம், அவனுக்குப் பாய் போட்டுக் கொடுக்க அந்தக் கூட்டம் தயாராக இருக்கிறது.

இளைஞர் மன்றம் திறந்து கேரம் போர்டு போட்டுக் கொடுத்தா அடங்கிடுவாங்கன்னு சொல்றாங்களே?

1992 முதல் 1996 வரை கிழக்கில் 30 பகுதிகளில் அரசு இதைத்தான் செய்தது. பையனை ஏற்றுக்கொள், அவன் கருத்தை ஏற்காதே என்பது தத்துவம். ஏட்டில் சரி. நடைமுறையில் அனுபவமில்லாத பணியாளர்கள், குறுகிய கால ஒப்பந்தம். அடி வாங்கியவர்களுக்குத் தனி மன்றம் இல்லை, அடித்தவர்களுக்கு இருந்தது. கட்டுப்படுத்தும் விதி இல்லாத மன்றங்கள் ஆள் சேர்க்கும் இடங்களாகிவிட்டன. என்.எஸ்.யூ. மூவரும் 1990களின் தொடக்கத்தில் சுற்றித் திரிந்த இடங்களில் யேனா நகரின் வின்ஸர்லா இளைஞர் மன்றமும் ஒன்று.

அரசுப் பணம் வேறு வழியிலும் போனது. என்.எஸ்.யூ. மூவரும் பழகிய துரிங்கியா மாநில நவநாஜி அமைப்பின் தலைவர் உளவுத்துறையின் தகவலாளி. பல ஆண்டுகளில் சுமார் 2 லட்சம் மார்க் வாங்கினார், அதில் ஒரு பகுதி அமைப்புக்கே செலவானதாக அவரே சொன்னார். இன்று நல்ல மன்றங்களில் சின்னம், பாட்டு, சட்டைக்கு எழுதிய விதி உண்டு. உள்ளே வர யாருக்கெல்லாம் பயம் என்பதையும் கேட்கிறார்கள்.

அப்ப பிடிச்சு உள்ளே போட்டா முடிஞ்சுதே?

குற்றம் செய்தவன் தண்டனை அனுபவிக்கத்தான் வேண்டும். ஆனால் சிறை தானாகத் திருத்தாது. 2011இல் தடைசெய்யப்படும் வரை எச்.என்.ஜி. என்ற அமைப்பு சிறையிலிருந்த நவநாஜிகளுக்குக் கடிதமும் உதவியும் அனுப்பி, வெளியே வந்ததும் கூட்டத்துக்கே திரும்ப வழி செய்துகொண்டிருந்தது. முதல் கடிதம் யாரிடமிருந்து வருகிறது என்பதில் நிறைய இருக்கிறது. அதனால்தான் விடுதலைக்கு மாதங்கள் முன்பே குழுப் பயிற்சியும், விடுதலைக்குப் பின் தொடர்ந்து ஒரே ஆளின் துணையும் வேண்டும்.

வெளியே வரணும்னு நினைக்கிறவன் என்ன பண்ணணும்?

முன்னாள் போலீஸ் அதிகாரியும் குற்றவியலாளருமான பெர்ண்ட் வாக்னரும், முன்னாள் நவநாஜித் தலைவரான இங்கோ ஹாஸல்பாக்கும் 2000இல் தொடங்கிய எக்ஸிட் டாய்ச்லாந்து என்ற அமைப்பு 500க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற உதவியிருக்கிறது. உள்நாட்டு உளவுத்துறையிடமும் ஒரு திட்டம் உண்டு. அரசோடு பேசத் தயங்குபவர்கள் எக்ஸிட்டை நாடுகிறார்கள். முதல் அழைப்பு அவனிடமிருந்தே வரவேண்டும். தாய் அழைத்தால் தாய்க்கு ஆலோசனை கிடைக்கும், அவனுக்குப் பதிலாக அவர் வெளியேற முடியாது.

முதலில் பாதுகாப்புக் கணக்கு: என்ன பதவி, யாருடைய ரகசியம் தெரியும், யார் பழிவாங்குவார்கள். கீழ்மட்டத்தில் இருந்தவன் மெல்ல விலகலாம், பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் போவதைக் குறைத்தால் போதும். மேல்மட்டத்தில் இருந்தவன் எண், கணக்கு, ஊர் எல்லாம் மாற்ற வேண்டிவரும். ஆரவாரமாக அறிவித்துவிட்டுப் போவது இரண்டு பேருக்குமே ஆபத்து. அடுத்து கடன், நிலுவை வழக்கு, குடி, வேலை. கழுத்திலும் கையிலும் பச்சை குத்தியிருந்தால் நேர்காணலுக்கே போக முடியாது. லேசரில் நீக்க வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போகவேண்டும், அதனால் பலர் மேலே வேறு படம் குத்தி மறைக்கிறார்கள்.

சறுக்குவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில், வெள்ளிக்கிழமை இரவில். கொள்கை இழுப்பதில்லை, தனிமை இழுக்கிறது. பழைய நண்பன் ஒருவன் பீர் குடிக்கக் கூப்பிடுவான். அந்த நேரத்துக்கு வேறு ஓர் இடம், வேறு நாலு பேர் முன்கூட்டியே ஏற்பாடாகி இருக்கவேண்டும். கொள்கையை உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். முழுதாக ஆண்டுகள் பிடிக்கும்.

துவைச்சதும் எழுத்து மாறுற டீஷர்ட் கதை நிஜமா?

நிஜம். 2011இல் கேரா நகரில் நடந்த நவநாஜி இசை விழாவில் மண்டையோடும் கொடியும் போட்ட 250 டீஷர்ட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டில் துவைத்ததும் மேல் மை போய், உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும் என்ற வாசகமும் எக்ஸிட் முகவரியும் தெரிந்தன. தனியாக இருக்கும்போது கண்ணில் படவேண்டும் என்பதே திட்டம்.

2014 நவம்பரில் வுன்சீடல் ஊரில் இன்னும் அழகாகச் செய்தார்கள். நவநாஜிகள் ஆண்டுதோறும் ஊர்வலம் போகும் ஊர் அது. அவர்கள் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ என்று கொடையாளர்கள் எக்ஸிட்டுக்குத் தர ஒப்புக்கொண்டார்கள். சாலையில் தூரம் குறித்து, நன்றிப் பதாகை கட்டி, வாழைப்பழமும் வைத்தார்கள். அன்றைக்கு நவநாஜிகள் தங்களுக்கு எதிராகத் தாங்களே நடந்து 10,000 யூரோ திரட்டிக் கொடுத்தார்கள்.

திருந்திட்டேன்னு ஒருத்தன் சொன்னா நம்பலாமா?

சொல்லை வைத்து அல்ல. பழைய தொடர்புகள் அறுந்தனவா, அந்த இசையிலிருந்தும் பொருள் விற்பனையிலிருந்தும் வருமானம் நின்றதா, செய்த குற்றத்தைத் தன் பெயரில் சொல்கிறானா, 'நாங்கள்' என்று மழுப்புகிறானா என்று பாருங்கள். வெளியே வந்த ஆறாம் மாதம் பள்ளி மேடையேறிச் சொற்பொழிவாற்றுகிறவனிடம் கொஞ்சம் எச்சரிக்கை. கைதட்டலுக்குப் பழகியவன் வேறு கைதட்டலைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

வெள்ளைக்காரப் பசங்க சமாசாரம்தானே, நம்ம பிள்ளைங்க எப்படி இதுல போவாங்க?

2023 மே 22 அன்று வாஷிங்டனில் வெள்ளை மாளிகைத் தடுப்பின்மேல் வாடகை லாரியை மோதிவிட்டு நாஜிக் கொடியை எடுத்துக் காட்டிய 19 வயது இளைஞர் இந்தியாவில் பிறந்து மிசூரியில் வளர்ந்தவர். மனநோயும் இருந்ததாக நீதிமன்றத்தில் பதிவானது. 2025இல் 8 ஆண்டு சிறை விதித்தார்கள். அபூர்வம்தான், ஆனால் நடக்காதது அல்ல. திரைக்குள் இருக்கும் கூட்டத்தில் தோல் நிறம் தெரிவதில்லை. ஊரில் 'ஹிட்லர் கட்டுப்பாடான ஆள்' என்று சாப்பாட்டு மேசையில் சொல்லும் பெரியவர்கள் இதையும் யோசிக்கலாம்.

செத்தவங்களை விட்டுட்டு, அடிச்சவனுக்கு இவ்வளவு கரிசனமா?

நியாயமான கோபம். ஜெர்மனி இதில் மோசமாகத் தவறியிருக்கிறது. என்.எஸ்.யூ. கொன்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் துருக்கிப் பின்னணி, ஒருவர் கிரேக்கர், ஒருவர் போலீஸ் பெண். ஆண்டுக்கணக்காகப் போலீஸ் சந்தேகித்தது இறந்தவர்களின் குடும்பங்களை: போதைமருந்து, மாஃபியா, குடும்பத் தகராறு என்று. 2006இல் அந்தக் குடும்பங்கள் காஸலிலும் டோர்ட்முண்டிலும் 'பத்தாவது பலி வேண்டாம்' என்று ஊர்வலம் போனார்கள். உண்மை 2011 நவம்பரில்தான் வெளிவந்தது.

நம்மவர்களும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை. 1992 ஜனவரி 31 அன்று லாம்பர்ட்ஹைம் அகதிகள் விடுதிக்கு வைத்த தீயில் இறந்தது இலங்கையிலிருந்து வந்த மூவர் கொண்ட குடும்பம். ஆக, வெளியேற்றும் பணிக்கு ஒரு யூரோ போகும்போது பாதிக்கப்பட்டோர் ஆலோசனை மையத்துக்கும் போகிறதா என்று கேட்பது தவறே இல்லை.

எங்களை யாராவது தாக்கினா உடனே என்ன செய்யிறது?

110க்குப் போலீஸ், 112க்கு ஆம்புலன்ஸ். காயம் சின்னதானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள், துணியைத் துவைக்காதீர்கள், படமெடுங்கள். தாக்கியவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே, ஜெர்மனிலேயே எழுதிவைத்து, இனவெறி நோக்கம் என்று புகாரில் பதியச் சொல்லுங்கள். 2015 முதல் அது தண்டனையைக் கூட்டும் காரணமாகச் சட்டத்திலேயே இருக்கிறது. அவமதிப்பு, சாதாரணக் காயம் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவரே வழக்கு கோரும் மனுவை 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

வலதுசாரி வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று போலீசைச் சாராத இலவச ஆலோசனை மையங்கள் பல மாநிலங்களில் உள்ளன. நீதிமன்றத்துக்கு உடன் வருவார்கள். கூட்டாட்சி நீதி அலுவலகத்திடம் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கவும் அவர்களே படிவம் நிரப்பித் தருவார்கள். புகார் கொடுப்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது.